நடைபாதை காலுக்கா, கதிரைக்கா?

பொழுது சாய்கின்றது. உட்துறைமுகத்து நீரிலே செவ்வானம் தோய்கின்றது. பகல் முழுவதும் வெயிலிற் காய்ந்த திருகோணமலை நகர் மெல்ல மூச்சு விடுகின்றது. கந்தோர் விட்டவர்கள் வீடு திரும்புகின்றார்கள். மாலை வகுப்பு முடிந்த பிள்ளைகள் புத்தகப் பையுடன் வருகின்றார்கள். தாய்மார் பூத்தட்டுடன் கோயிலுக்குப் புறப்படுகின்றார்கள். தம்பலகாமத்திலிருந்து காலையிலே மரக்கறி கொண்டுவந்த விவசாயி வெறுஞ் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடக்கின்றார். இவர்கள் எல்லோரும் எங்கே நடக்கின்றார்கள்? நடைபாதையிலா? இல்லை! லொறிக்கும் முச்சக்கரவண்டிக்கும் நடுவே, தெருவின் விளிம்பிலே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடக்கின்றார்கள்.

ஏன்? நடைபாதையிலே வேறொருவர் குடியேறிவிட்டார். அவருக்கு நான்கு கால்கள் உண்டு, ஆனால் நடக்கமாட்டார். நகரத்துக்கு வரி கட்டமாட்டார், வாக்களிக்கவும் மாட்டார். ஆயினும் வரி கட்டி வாக்களித்த மனிதன் அவரைக் கண்டதும் கீழே இறங்கி வழிவிட வேண்டும். அவர் பெயர் கதிரை! சாப்பாட்டுக் கடை வாசலிலே அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கதிரை!

இந்தக் கதிரையைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றோம். "நாட்டிலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, கேவலம் ஒரு கதிரைக்கு ஒரு கட்டுரையா?" என்று நகைப்பவர்கள் நகைக்கட்டும். பெரிய அநீதிகளெல்லாம் சிறிய அநீதிகளைப் பொறுத்துக்கொண்ட இடத்திலேதான் வளர்ந்தன. ஆறடி நடைபாதையைக் காக்கத் தெரியாத சமுதாயம் ஆறாயிரம் ஏக்கர் வயலைக் காக்கும் என்று யார் நம்புவார்?

முதலிலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். திறந்த வெளியிலே அமர்ந்து உண்பதற்கு நாம் பகைவர் அல்லர். இந்த ஊரின் வெக்கையிலே நான்கு சுவருக்குள் இருந்து வியர்வை வழியச் சாப்பிடுவதைவிட, கடற்காற்றுப் படும்படி வெளியில் இருந்து கொத்துரொட்டியோ இறால் வடையோ உண்டு, சுடச்சுட ஒரு தேநீர் குடிப்பது எவ்வளவோ இனிது. அதை யார் மறுப்பார்?

அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இந்த ஊரிலே மாலைப் பொழுது என்பது இலவசமாகக் கிடைத்த பொருள் அன்று. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் ஐந்து தமிழ் மாணவர்கள் இதே நகரின் கடற்கரையிலே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்த குற்றம் என்ன? மாலை வேளையிலே நண்பர்களோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த நாட்களிலே பொழுது பட்டதும் கதவுகள் அடைபட்டன. பிள்ளை வீடு திரும்பும்வரை தாய் வாசலிலே நின்றாள். 2009இல் போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் அச்சம் நீங்கவில்லை. இன்று குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியே வந்து, விளக்கொளியிலே இருந்து, சிரித்துப் பேசி உண்கின்றார்கள் என்றால், அது இழந்துபோய் மீண்டும் பெற்ற செல்வம். அதைப் பறிக்க நினைப்பவனோடு நமக்கு உறவில்லை.

கடைக்காரரின் கஷ்டமும் நாம் அறியாதது அன்று. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் வெளியூரார் வரவு நின்றது. 2020இல் கொரோனா வந்து கடையையே மூடியது. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்று அடுப்பெரியாமற் போன நாட்கள் எத்தனை! அத்தனையையும் தாங்கி மீண்டும் கடை திறந்தவன் வாசலிலே இரண்டு மேசை அதிகமாகப் போட்டால் நாலு காசு வரும் என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தை நாம் குற்றம் சொல்லவில்லை.

நாம் குற்றம் சொல்வது எதை? வரம்பின்மையை! வரம்பு கட்டாத வயலிலே தண்ணீர் நிற்காது. இதை விவசாயிக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரம்பு போடாத தெருவிலே நீதியும் அப்படித்தான் நிற்காது.

ஆக்கிரமிப்பு ஒருநாளிலே வருவதில்லை. முதல் வாரம் ஒரு வாங்கு வெளியே வருகின்றது. "காத்திருப்பவர் இருக்கட்டுமே" என்கின்றார்கள். அடுத்த மாதம் வாங்குக்கு முன்னே மேசை வருகின்றது. மேசைக்கு வெயில் படுகிறதென்று மேலே தகரம் இறங்குகின்றது. தகரத்தைத் தாங்க இரண்டு குழாய் நடைபாதையைத் துளைத்து நிற்கின்றது. பின்னர் கொத்து ரொட்டித் தட்டு வெளியே வருகின்றது. அதனோடு அடுப்பு வருகின்றது. அடுப்போடு எரிவாயுச் சிலிண்டர் வருகின்றது. சாப்பிட வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் எஞ்சிய இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. ஈற்றிலே ஒரு நாள் இடுப்பளவு சுவரும் எழும்புகின்றது. அப்போது கேட்டுப் பாருங்கள்! "இது எங்கள் இடம், எத்தனை வருடமாக அனுபவிக்கிறோம் தெரியுமா?" என்று பதில் வரும். ஒட்டகத்துக்குத் தலை வைக்க இடம் கொடுத்த கதை வேறெங்கும் நடக்கவில்லை. நம் கண் முன்னே நடக்கின்றது.

இதன் பலனை அனுபவிப்பவர் யார்? கைத்தடி ஊன்றி வைத்தியசாலைக்குப் போகும் முதியவர், வயிற்றிலே பிள்ளையுடன் கிளினிக்குக்குப் போகும் பெண், கண் தெரியாதவர், போரிலே காலை இழந்து சக்கர நாற்காலியிலே வாழும் இளைஞர். கார் உள்ளவன் நடைபாதையைத் தேடமாட்டான். ஆகையால், நடைபாதையைத் திருடுவது என்பது ஊரிலே மிக எளியவனின் சொத்தைத் திருடுவதாகும்.

இவர்களோடு வாயில்லாச் சீவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிமான் நகருக்குள்ளே நடமாடும் ஊர் நம் ஊர். கோட்டையிலும் கடற்கரையிலும் தெருவிலும் அவை மேய்வதைக் காண வெளிநாட்டார் படம்பிடிக்கும் கருவியோடு வருகின்றார்கள். அந்த மான்கள் என்ன தின்கின்றன? இரவிலே எறியப்படும் சோற்றுப் பொதியின் பொலித்தீனையும் சேர்த்தே தின்கின்றன. கழுவிய நீரும் எண்ணெயும் எச்சிலும் வடிகானுக்குள் இறங்குகின்றன. ஐப்பசி மழை கொட்டும்போது அதே வடிகான் நிரம்பித் தெருவுக்கு ஏறுகின்றது. இலாபம் கடைக்காரனின் பெட்டிக்கு, நாற்றம் ஊருக்கு! இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலே படித்தார்கள்?

இனி நம் நெஞ்சைச் சுடும் இடத்துக்கு வருகின்றோம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் தயிர்ச் சட்டிகளுடன் வருகின்றாள். மூதூரிலிருந்து ஒருவர் இரண்டு சாக்குக் கத்தரிக்காயும் பயற்றங்காயும் கொண்டுவருகின்றார். நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் சின்ன வெங்காயம் கொண்டுவருகின்றார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்னர், முன்பு படகுத்துறையிலே காத்திருந்தவர்கள் இன்று தரைவழியே நேராக நகருக்கு வருகின்றார்கள். தரகனுக்குக் கொடுத்தால் அரைவிலை. ஆகவே தெருவோரத்திலே ஒரு சாக்கை விரித்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் விற்றுவிட்டுப் போகலாம் என்று அமர்கின்றார்கள். அவர்கள் பிடித்த இடம் எவ்வளவு? மூன்று முழம்! பிடித்த நேரம் எவ்வளவு? நான்கு மணித்தியாலம்! அவர்களுக்குக் கிடைப்பது என்ன? "எழும்பு, எழும்பு! பாதசாரிக்கு இடைஞ்சல்!" என்ற அதட்டல்.

பாதசாரிக்கு இடைஞ்சல்! ஆகா, என்ன கருணை! அதே பாதசாரிக்கு மாலை ஐந்து மணி தொடக்கம் நள்ளிரவுவரை பத்து மேசையும் நாற்பது கதிரையும் இடைஞ்சல் இல்லையா? தயிர்ச் சட்டி மட்டும் காலைத் தடுக்கும், எரிவாயுச் சிலிண்டர் தடுக்காதா? எளியவனின் சாக்குக்கு ஒரு சட்டம், வலியவனின் மேசைக்கு ஒரு சட்டமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பா?

உலகெங்கும் நடைபாதைச் சண்டையிலே இதுதான் உள்ளிருக்கும் நோய். சட்டம் இல்லாமையைவிட, சட்டம் ஆள் பார்த்து விழிப்பதே பெரிய கேடு.

இந்நிலைக்குச் சொல்லப்படும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், வெளியே மேசை போட்டால்தான் அவர்கள் விரும்புவார்கள்" என்பது முதற் சாக்கு. சித்திரை தொடக்கம் புரட்டாதிவரை கிழக்குக் கரையிலே கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் அவர்கள் வருவது உண்மை. ஆனால் அவர்களும் கால் உள்ள மனிதர்களே. கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடந்து போகவே அவர்கள் விரும்புகின்றார்கள். நடக்க வழியில்லாத ஊரை எந்தப் பயணி விரும்புவான்? மேலும், இந்த ஊர் முதலில் இங்கே வாழ்பவர்களுக்குரியது. விருந்தினர் நம் வீட்டுக்கு வரும்போது வீட்டுப் பிள்ளையைத் தெருவிலே தள்ளுவது விருந்தோம்பல் ஆகாது.

"வயிற்றுப் பிழைப்பு ஐயா!" என்பது இரண்டாவது. பிழைப்பு உரிமைதான். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையிலே சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் சுதந்திரத்தைத் தருகின்றது. ஆனால் அதே உறுப்புரையின் அடுத்த வரியிலேதான் நாடெங்கும் நடமாடும் சுதந்திரமும் இருக்கின்றது. இரண்டு உரிமைகளும் அருகருகே எழுதப்பட்டவை. நடைபாதையிலும் அவை அருகருகேதான் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் மார்பிலே ஏறி உட்காரக்கூடாது. பிழைப்பு என்பதே நியாயம் என்றால், தயிர்க்காரிக்கும் அது நியாயம் அன்றோ?

"இந்த வீதி எங்களுடையது அன்று" என்பது மூன்றாவது சாக்கு; இதுதான் மிகவும் தந்திரமானது. கண்டி வீதியைப் போன்ற பெருஞ்சாலை என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேள் என்பார்கள். வேறொரு வீதி மாகாணத்துக்குரியது என்பார்கள். உள்வீதி உள்ளூராட்சி மன்றத்துக்குரியது. கட்டட ஒழுங்கு நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கரையோரம் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. துறைமுகக் காணி துறைமுக அதிகார சபைக்குரியது. உணவின் சுத்தம் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. போக்குவரத்து இடைஞ்சல் பொலிஸாரின் வேலை. எட்டுத் தாய்மார் உள்ள பிள்ளை பட்டினியாற் செத்த கதையை அல்லவா இது நினைவூட்டுகின்றது! ஆறடி அகலத்துக்கு எட்டு எசமானர்கள். விழுந்தவனைத் தூக்க ஒருவரும் இல்லை.

"சட்டம் இல்லையே, என்ன செய்வது?" என்பது நான்காவது. பொய்! நகரசபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், மாநகரசபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் உண்டு. தெருக்களைப் பராமரிக்கவும், இடைஞ்சலை அகற்றவும், உபவிதிகளை ஆக்கவும் அவை அதிகாரம் தருகின்றன. வலுவிழந்தோரைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொது இடங்களை அவர்கள் அணுகுவதற்கான 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உண்டு. சட்டம் அலுமாரியிலே உறங்குகின்றது. அதைத் தட்டி எழுப்பக் கைதான் இல்லை.

இங்கே ஓர் அரசியல் உண்மையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்தின் விடயம். கிழக்கு மாகாண சபையின் தலைமைப் பீடம் இதே திருகோணமலையிலே இருக்கின்றது. ஆனால் அச்சபையின் காலம் 2017 செப்டெம்பரிலே முடிந்த பின்னர் தேர்தலே நடைபெறவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த மாகாண அமைச்சருக்குப் பதிலாக ஆளுநரின் கையொப்பம் ஆட்சி செய்கின்றது. உள்ளூராட்சி மன்றங்களின் காலமும் 2023 மார்ச்சிலே முடிந்து, ஈராண்டுக்கு மேலாக உத்தியோகத்தர் ஆட்சியே நடந்தது. கேட்பதற்கு உறுப்பினர் இல்லாத அக்காலத்திலே கதிரைகள் பெருகினால் வியப்பென்ன? வேலி இல்லாத காணியிலே மாடு மேயும்.

ஆனால் 2025 மே 6ஆம் நாள் மக்கள் வாக்களித்தார்கள். சபைக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. நடைபாதையிலே மேசை போடுவதை ஒழுங்கு செய்யும் உபவிதி ஒன்று இருக்குமாயின், அதை ஊரறியத் தமிழிலே அச்சிட்டு ஒட்டுங்கள். இல்லையாயின், ஆக்குங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் மௌனம் சாதிப்பது எந்தக் கட்சியின் உறுப்பினராயினும் அவருக்கு அழகன்று. மக்கள் உங்களுக்குக் கொடுத்த கதிரை சபைக்குள்ளே இருக்கின்றது. அதிலே அமர்ந்து நடைபாதைக் கதிரைக்கு வரம்பு போடுங்கள்!

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்திலே நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். உணவுக் கடைகளும் நடத்துகின்றனர். அங்கே 2020ஆம் ஆண்டிலே கொரோனாக் காலத்தில் நடைபாதை அனுமதிப்பத்திரம் என்ற முறையைச் சட்டமாக்கினார்கள்; 2023ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அதை நிலையாக்கினார்கள். அனுமதி கேட்டால் அதை ஊராருக்கு அறிவித்து 14 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும். முதன்முறைக் கட்டணம் 500 பவுணுக்கு மேற்படலாகாது. புதுப்பிக்க 350 பவுணுக்கு மேற்படலாகாது. அனுமதி இரண்டாண்டுக்கு மேற் செல்லாது. பொதுவாக 1.5 மீற்றர் வழியாவது நடப்பவர்க்கு எஞ்ச வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். அது ஏறக்குறைய ஐந்து அடி. இலண்டனிலே இந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கடை நடத்தும் தமிழன், திருமலையிலே மட்டும் கட்டுப்பட மாட்டானா? கட்டுப்படுவான்; விதி இருந்தால்!

இந்தியாவிலே உச்ச நீதிமன்றம் 1989இல் நடைபாதை வியாபாரமும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அதை ஒழுங்கு செய்யலாம் என்று தீர்த்தது. பின்னர் 2014இல் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைக்கப்படும் நகர வியாபாரக் குழுவிலே நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாதவர் வியாபாரிகளே. அவர்களுள் மூன்றில் ஒருவர் பெண்களாக இருக்க வேண்டும். துரத்தப்படுபவனையே தீர்மானிக்கும் இடத்தில் அமர்த்திய சட்டம் அது! நடைமுறையிலே அங்கும் குறைகள் உண்டு. ஆனால் நெறி நல்ல நெறி. சென்னைப் பாண்டி பஜாரிலே 2019இல் நடப்பவருக்கென்று அகன்ற பாதை திறந்தார்கள்; கடைகள் அதனால் அழியவில்லை. சிங்கப்பூரிலே தெருவோரத்திலே உணவு விற்றவர்களைத் துரத்திவிடாமல் 1970ஆம் ஆண்டுகளிலே நீர், வடிகால், கூரை உள்ள உணவு நிலையங்களைக் கட்டி அங்கே இருத்தினார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்த உணவுப் பண்பாட்டையே மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஒழுங்கு செய்ததனால் உணவுக் கடை ஒழிந்துவிடவில்லை, ஓங்கியது!

ஆயினும் அந்நியன் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிட முடியாது. கணக்குப் பார்க்க வேண்டும். நால்வர் இருந்து உண்ணும் மேசை ஒன்று, கதிரைகளைப் பின்னே இழுத்து இருந்தால், ஏறக்குறைய ஆறடி அகலம் கொள்ளும். நம் நடைபாதை ஆறடியாயின் மீதி என்ன? ஒன்றுமில்லை! சுவரோடு ஒட்டி ஒருவர் இருக்கும் ஒடுங்கிய மேசை மூன்றடி கொள்ளும்; அதற்கும் எட்டடி நடைபாதை வேண்டும். பழைய நகரின் ஒடுங்கிய வீதிகளிலே எட்டடி எங்கே இருக்கின்றது? ஆகவே பல இடங்களிலே நேர்மையான விடை "முடியாது" என்பதே. அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

ஆனால் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போவது ஆட்சி அன்று. எங்கே முடியும் என்று காட்டுவதே ஆட்சி. பொருத்தமான ஒரு சிறு வீதியை மாலை ஆறு மணி தொடக்கம் பத்து மணிவரை வாகனங்களுக்கு மூடி உணவு வீதியாக்கலாம். கடற்கரையை அண்டிய திடலிலே, கரையோரச் சட்டத்துக்கு அமைய, நிலையான கட்டடம் எதுவும் எழுப்பாமல் மாலைக் கடைகளுக்கு இடமளிக்கலாம். அதே இடத்தைக் காலை வேளையில் விவசாயிகளுக்குக் கொடுக்கலாம். காலையிலே தயிரும் மரக்கறியும். மாலையிலே கொத்தும் தேநீரும். ஒரே நிலம் இரு போகம் விளையட்டுமே!

எனவே நாம் கேட்பது இவை:

முதலாவது, ஒவ்வொரு வீதியிலும் நடைபாதையை அளந்து, நடப்பவர்க்கு ஐந்தடிக்குக் குறையாத வழி விட்டு, தரையிலே நிறக்கோடு போடுக. கோட்டுக்கு அப்பால் மேசையும் இல்லை, விளம்பரப் பலகையும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. கோட்டைப் பார்த்தால் எழுதத் தெரியாதவனுக்கும் நியாயம் தெரியும்.

இரண்டாவது, அனுமதி பெற்றவனே மேசை போடலாம். எத்தனை மேசை, எந்நேரம் வரை, எவ்வளவு கட்டணம் என்பதைக் கடை வாசலிலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தொங்கவிடுக. கட்டணம் பிடித்த இடத்தின் சதுர அடிக்கு ஏற்ப இருக்கட்டும். அது பற்றுச்சீட்டோடு சபையின் நிதிக்குப் போகட்டும். யாருடைய சட்டைப் பைக்கும் போகவேண்டாம்.

மூன்றாவது, அடுப்பும் எரிவாயுச் சிலிண்டரும் நடைபாதைக்கு வரலாகாது. கொதிக்கும் எண்ணெய்க்கும் பள்ளிப் பிள்ளையின் கைக்கும் இடையிலே ஒரு சாண் இடைவெளி போதாது.

நான்காவது, கடை மூடியதும் கதிரையும் மூடுக. தகரமும் தூணும் நட இடமில்லை. குப்பையைப் பூட்டிய வாளியிலே வைப்பதும், எண்ணெயை வடிகானில் ஊற்றாதிருப்பதும் அனுமதியின் நிபந்தனைகளாகட்டும். மீறினால் முதலில் எச்சரிக்கை, பின்னர் தண்டம், அதன் பின்னர் அனுமதி இரத்து.

ஐந்தாவது, விவசாயிக்கும் தயிர்க்காரிக்கும் காலை நேரத்துக்கு இடம் குறித்துக் கொடுத்த பின்னரே ஒரு கதிரைக்கும் அனுமதி வழங்குக. விளைவிப்பவனுக்கு இடமில்லாத ஊரிலே உண்பவனுக்கு மேசை எதற்கு?

ஆறாவது, சட்டத்தை மேலிருந்து தொடங்குக. ஐம்பது கதிரை போட்டவனின் வாசலிலே முதலிற் கோடு விழட்டும். தள்ளுவண்டிக்காரனிடம் இறுதியாகப் போங்கள்.

ஏழாவது, பொது நிலம் பொது நிலமாகவே இருக்கட்டும். அதை மேசையினாற் பிடித்தாலும் குற்றம், துப்பாக்கியினாற் பிடித்தாலும் குற்றம், சமயத்தின் பெயராற் பிடித்தாலும் குற்றம். 2025 நவம்பர் 16ஆம் நாள் இந்நகரின் கடற்கரையிலே நடந்ததை நாடே கண்டது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பற்றிய பிணக்கு இருந்த இடத்திலே ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. இரவோடிரவாகப் பொலிஸார் அதை எடுத்தனர். மறுநாளே திரும்பவும் கொண்டுவந்து வைத்தனர். புத்த பெருமானிடத்து நமக்குப் பகை இல்லை. ஆசையைத் துறந்தவருக்கு அடுத்தவர் நிலம் எதற்கு என்றே கேட்கின்றோம். கோயிலின் பெயராலோ பள்ளிவாசலின் பெயராலோ தேவாலயத்தின் பெயராலோ பாதை அடைக்கப்பட்டாலும் இதையேதான் கேட்போம். பெரியவர் வைத்ததைத் தொட நடுங்கும் சட்டம், தயிர்ச் சட்டியைத் தூக்க மட்டும் கை நீட்டுமாயின், அதற்குச் சட்டம் என்று பெயர் இல்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு நாம் வீட்டிலே உறங்கினால் பயன் என்ன? ஒரு வேலை நமக்கும் உண்டு. சட்டத்தரணிகளே! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கின்றது. நடைபாதைக்கு எத்தனை அனுமதி வழங்கப்பட்டது, எவ்வளவு கட்டணம் வந்தது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தமது முடிவைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களே! மாணவரிடம் அளவு நாடாவைக் கொடுத்துப் பள்ளிக்குப் போகும் வழியை அளக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும், குடியியற் பாடமும் ஆகும். வைத்தியர்களே! நடைபாதையின்றித் தெருவில் இறங்கி அடிபட்டு வருபவரைக் கண்டால் அதையும் எழுதி வையுங்கள். விவசாயிகளே! உங்கள் சங்கத்தின் பெயரால் காலைச் சந்தைக்கு இடம் கேட்டுச் சபைக்கு மனுக் கொடுங்கள்; தனியாகக் கேட்டால் துரத்துவார்கள், சங்கமாகக் கேட்டால் கதிரை போட்டு இருத்துவார்கள். கடைக்காரத் தம்பிமாரே! நீங்களாகவே நாளை மாலை ஐந்தடி விட்டு மேசையைப் பின்னே இழுத்துப் போடுங்கள். ஊர் உங்களை வாழ்த்தும்.

இந்நகரின் தெருக்கள் சாதாரணத் தெருக்கள் அல்ல. 1956 ஆகஸ்டிலே உரிமை கேட்டுத் தமிழ் பேசும் மக்கள் வெகுதூரம் நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. 1957 பெப்ரவரி 4ஆம் நாள் கறுப்புக் கொடி ஏற்றப் போன இளைஞன் நடராசன் சுடப்பட்டு வீழ்ந்ததும் இதே நகரின் நடுவேதான். 2025ஆம் ஆண்டிலே முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயலுக்காக நாட்கணக்காக அமர்ந்திருந்ததும் மாவட்டச் செயலகத்தின் முன்னே, தெருவோரத்திலேதான். எளிய மக்களுக்கு மாளிகை இல்லை, மண்டபம் இல்லை. தெரு ஒன்றுதான் உண்டு. நடக்கவும், விற்கவும், கூடவும், நீதி கேட்கவும் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே பொதுச் சொத்து அது.

அந்தச் சொத்தை அடி அடியாக இழக்க நாம் சம்மதியோம். கதிரைக்கும் இடம் இருக்கட்டும். ஆனால் காலுக்கு வழி விட்ட பின்னர்! உண்பவன் உண்ணட்டும், ஆனால் நடப்பவனின் உயிரை விலையாகக் கொடுத்து அல்ல! நாளை மாலை அந்தத் தம்பலகாமத்து விவசாயி வெறுஞ் சாக்கோடு பஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது, லொறிக்கு அஞ்சாமல், எவருக்கும் ஒதுங்காமல், தன் நகரின் நடைபாதையிலே தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். அந்த ஐந்தடியைத் தரும் சபையே மக்கள் சபை. தராத சபை, கதிரைகளின் சபை!